ஆராய்ச்சி வயது இரண்டு

மடிக்கணினித் திரையில் மூன்றாவது தடவையும் சிவப்பு எழுத்து வந்தபோது நேரம் பதினொன்று நாற்பது. பன்னிரண்டு மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும்.

"நாங்கள் தகுதியில்லையாம்!" என்றார் தவராஜா, சுவிஸ் நாட்டுத் துன் ஏரியின் அடுத்த கரைக்கும் கேட்கும்படி.

நாங்கள் என்று அவர் சொன்னாலும் விண்ணப்பிப்பது மனைவி சிவமலர்தான். தவராஜாவின் பங்கு, பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து யோசனை சொல்வது. முப்பத்தொரு வருடம் ஏரிக்கரை ஓட்டல் குசினியில் கழுவிய கோப்பைகளை அடுக்கினால் ஆல்ப்ஸ் மலை வெட்கப்படும் என்பது அவரே போட்ட கணக்கு. அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தால் யோசனைக்குப் பஞ்சம் வருமா?

விண்ணப்பம், கெல்தியவியல் புலமைப்பரிசிலுக்கு. கெல்தியர் என்றால் சுவிஸ்காரருக்கு முந்திய சுவிஸ்காரர். ரோமர் வந்து சேர முன் இந்த ஏரிக்கரைகளில் இருந்தவர்கள். அவர்கள் எழுத்துப் பொறித்த தகடு ஒன்று நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அந்தக் கண்ணாடியை இருபத்திரண்டு வருடம் துடைத்தவள் சிவமலர்.

ஊரில் கல்வெட்டெழுத்தில் முதுமாணிப் பட்டம் வாங்கியவளுக்கு, எழுத்தைக் கண்டால் துடைத்துவிட்டுப் பேசாமல் போக மனம் வருமா? சாப்பாட்டு நேரத்தில் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். பின்னேர வகுப்புகளுக்குப் போனாள். போன வருடம் கட்டுரை ஒன்றும் வெளியிட்டுவிட்டாள்: நாலாம் வரியை இவ்வளவு காலமும் எல்லோரும் தலைகீழாக வாசித்திருக்கிறார்கள் என்று.

பரிசில் கிடைத்தால் பத்து மாதம் அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நடுவில் கண்ணாடி இல்லாமல். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஆனால் அது ஆராய்ச்சியை இப்போதுதான் தொடங்கியவர்களுக்கான பரிசில். வயதெல்லை கிடையாது; கடைசிப் பட்டம் பெற்று ஆறு வருடத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது, அதுதான் நிபந்தனை. சிவமலர் பட்டம் பெற்று முப்பத்தெட்டு வருடம். இடையில் படிப்பு நின்றதற்குத் தகுந்த காரணம் காட்டினால் அந்தக் காலத்தைக் கழித்து, 'ஆராய்ச்சி வயது' என்று ஒன்றைக் கணினியே கணித்துச் சொல்லும்.

காரணம் ஒன்றும் போடாமல் அனுப்பிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு. சிவப்பு.

மகள் ரிஷானியையும் மகன் கிஷோபனையும் போட்டார்கள். தலைக்குப் பதினெட்டு மாதம்தான் கழிந்தது. முப்பத்தைந்து. சிவப்பு.

சிவமலரின் முழங்கால் வருத்தத்தைப் போட்டார்கள். முப்பத்துநாலரை. சிவப்பு.

போரைப் போடலாம் என்றார் தவராஜா. பட்டியலில் போர் இல்லை, படைச்சேவைதான் இருந்தது. அப்ப அதைப் போடும் என்றார். சிவமலர் திரும்பிப் பார்த்த பார்வையில் கணினியே ஒரு கணம் உறைந்துபோனது.

அவர் அசரவில்லை. "கெல்தியரும் தமிழர்தான் எண்டு ஒரு வரி சேரும். என்ர சிநேகிதர் எல்லாரும் ஒத்துக்கொள்ளுவினம்."

"உங்கட சிநேகிதரே தெரிவுக்குழுவிலை இருக்கினம்? இஞ்சாருங்கோ, கொஞ்ச நேரம் பல்கனியிலை போய் நில்லுங்கோ."

போய் நின்றார். நின்றவர் சும்மா நிற்கவில்லை. டாவோஸில் இருக்கும் சிநேகிதன் அருட்செல்வனுக்குத் தொலைபேசி எடுத்து, சுவிஸ் நாட்டு ஆராய்ச்சி உலகமே தனக்கு எதிராகத் திரண்டிருப்பதாக முறைப்பாடு வைத்தார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "விண்ணப்பம் போட்டுது."

ஓடிப்போய்ப் பார்த்தார். பச்சை! ஆராய்ச்சி வயது: இரண்டு.

"டேய் அருட்செல்வன்! அறுபத்திரண்டு வயதுப் பெண்சாதிக்கு இப்ப ரெண்டு வயதடா! இனிப் பால்போத்தல் வாங்கோணும்!"

அந்தப் பக்கத்தில் சிரித்த சிரிப்பில் டாவோஸ் பனி சரிந்திருக்கும்.

"எல்லாம் என்னாலைதான் தம்பி. பக்கத்திலை நான் இருந்தபடியால்தான் சரிவந்தது."

"ஓம்," என்றாள் சிவமலர், கணினியை மூடிக்கொண்டே. "உங்களாலைதான்."

நாற்பது வருடத்துக்குக் கிட்ட வந்த தாம்பத்தியத்தில் இப்படி ஒரு பாராட்டை அவர் கேட்டதில்லை. மார்பு விம்மி, பல்கனிக் கதவளவுக்கு விரிந்தது. அச்சுப்பொறி துப்பிய பிரதியை எடுத்து அருட்செல்வனுக்கு வாசித்துக்காட்டப் புறப்பட்டார்.

"சிவமலர், என்ர கண்ணாடி எங்கை?"

"தலையிலை."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு உரத்து வாசித்தார்.

"இடைவெளிக்குக் காரணம்: முழுநேரப் பராமரிப்புத் தேவைப்படும் குடும்ப உறுப்பினர். கழிக்கப்படும் காலம்: பராமரித்த காலம் முழுவதும்."

அடுத்த வரியை உரத்து வாசிக்கவில்லை. உறுப்பினரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. பிறந்த திகதியும் பிழையில்லை. பராமரிப்பு முடிந்த திகதி என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: தொடர்கிறது.

"அண்ணை? அண்ணை, லைன் அறுந்து போட்டுதோ?" என்று அருட்செல்வன் கத்திக்கொண்டிருந்தான்.

தவராஜா ஒரு பிழையாவது பிடிக்காமல் விடுவதில்லை என்று மேலும் கீழும் தேடினார். அகப்பட்டது. பராமரிப்புத் தொடங்கிய திகதி: 12.09.1989. கலியாணம் நடந்தது பதினோராம் திகதி!

சத்தம் போட வாயைத் திறந்தார்.

அதற்குள், பன்னிரண்டாம் திகதி விடியக்காலை, வெறும் மேலோடு நின்றபடி புதுப்பெண்ணைத் தட்டி எழுப்பி அவர் முதன்முதலாகக் கேட்டது ஞாபகம் வந்துவிட்டது.

"இஞ்சாரும், என்ர சேட்டு எங்கை?"