மூன்றாம் நம்பர் மெஷின்

“உன் வூட்டுக்காரரு அங்கியே பாய் போட்டுப் படுத்துடுவாரு போலக்கீதே, கிரேஸ்!”

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பச்சையம்மாள் சிரித்தாள். கிரேஸ் சிரிக்கவில்லை. சுவிட்சு மூடியின் பிசிறை அரத்தால் தேய்த்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

சித்தூரில் பேக்கலைட் சுவிட்சு வார்க்கும் கொட்டகை அது. மெஷின் நான்கு. அவற்றைப் பழுது பார்க்கும் பிட்டர் ஒருவன்தான், கிரேஸின் கணவன் தியோடர். கொஞ்ச நாளாக அவன் மூன்றாம் நம்பரை விட்டு நகருவதில்லை. அதில் வேலை செய்பவள் வெங்கடலட்சுமி. அவள் குனிந்து சூடான அச்சிலிருந்து மூடிகளை எடுக்கும்போதெல்லாம் அவன் கை அவள் தோளை ஒட்டி நீண்டிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கையில் கேட்டாள்.

“அவகிட்ட இன்னா வேலை உங்களுக்கு?”

“மெஷின் வேலை.”

“மீதி மூணும் மெஷின் இல்லியா?”

“அதுங்க நல்லா ஓடுதுங்க.”

“இது மட்டும் நீங்க நின்னாத்தான் ஓடுமோ?”

“ஆமா. இதைப் போயி வெளிய பேசிக்கினு இருக்காத.”

வெளியே பேசக்கூடாத வேலை! அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் நேரே முதலாளி திருவேங்கடத்தின் முன்னால் போய் நின்றாள்.

“அவரைத் திருப்பதி ஷெட்டுக்கு மாத்திடுங்க சார். அங்க பிட்டர் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

முதலாளி தயங்கினார். “அவன் போயிட்டா வெங்கடலட்சுமி அந்த மெஷின்ல உக்கார மாட்டாளேம்மா.”

கிரேஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளி வரைக்கும் தெரிந்திருக்கிறது. கூசாமல் சொல்கிறார்.

“அவர் இல்லாம உக்கார மாட்டாளாமா? அவ்ளோ தூரத்துக்கு ஆயிப்போச்சா? அவ உக்காரலன்னா நான் உக்கார்றேன் சார்.”

“நீயா?”

அவர் அவளையே பார்த்தார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். பிரம்மோற்சவத்துக்குள் திருப்பதியில் ஒரு சத்திரத்துக்குச் சரக்கு போயாக வேண்டும்.

“சரி. உக்காரு. அவன்கிட்ட மட்டும் சொல்லாதம்மா.”

“நான் எதுக்கு சார் சொல்றேன்?”

திங்கட்கிழமை காலையில் ஜெபம் முடித்துத் தியோடர் பெட்டியை எடுத்தான். முகத்தில் ஒரு நிம்மதி.

“நான் வர்ற வரைக்கும் மூணாம் நம்பரை நிறுத்தி வெக்கறேன்னு முதலாளி சொல்லிட்டாரு.”

அவள் இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள் கிரேஸ். பஸ் கிளம்பியதும் கொட்டகைக்கு விரைந்தாள்.

மூன்றாம் நம்பர் முன்னால் அவள் உட்கார்ந்தபோது மனசு குளிர்ந்தது. தூளைக் கொட்டினாள், அழுத்தினாள், திறந்தாள். முதல் தடவையே மூடிகள் பளபளவென்று வந்திருந்தன. வெங்கடலட்சுமி உள்ளே வருவது தெரிந்தது. அவள் முகம் போகும் போக்கைப் பார்க்க ஆசைதான். ஆனால், முதலில் மூடிகளை எடுக்க வேண்டும். குனிந்தாள்.

“அக்கா, உங்களுக்கு யாரு கட்டை குடுக்குறாங்க?”

“இன்னா கட்டை?” குனிந்தபடியே கேட்டாள் கிரேஸ்.

“ஐயோ, மேல் அச்சு நிக்காதுக்கா, தானா இறங்கிடும்! நான் கைய வுடும்போதெல்லாம் அண்ணன்தான் நடுவுல கட்டையக் குடுத்துப் புடிச்சிக்கினு நிப்பாரு!”

கிரேஸின் இரண்டு கைகளும் உள்ளே இருந்தன.