ஆறாவது சீல்

முதல் சீல் ஏழு புள்ளி நாலு.

மெக்கானிக் மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்தான். அதே ஏழு புள்ளி நாலுதான். புதுசு எட்டு மில்லிமீட்டர் உயரம் இருக்கும், ஆறரைக்குக் கீழே தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இது இன்னும் நாலு வருஷம் தாராளமாக ஓடியிருக்கும்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

மேஜைக்கு அந்தப் பக்கம் அவன் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மாமனாரும் பன்னிரண்டு வயசு மகளும் உள்ளே வர மனசில்லாமல் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அத்தான் போய் இருபத்திரண்டு நாள். கேட் இல்லாத ரயில் பாதையைக் கடக்கும்போது கார் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. நின்றதைப் பின்னால் வந்த லாரிக்காரர் பார்த்தார். ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. ரயில் காரை இரண்டாகப் பிய்த்துப் போட்டதில் எஞ்சின் பக்கம் மட்டும் புதரில் முழுசாகக் கிடந்தது. அந்த எஞ்சினைத்தான் இப்போது பிரித்து மேஜைமேல் பரப்பியிருந்தான்.

ஊரெல்லாம் பிஸ்டன் வண்டி ஓட்டும்போது அத்தானுக்கு மட்டும் ரோட்டரி எஞ்சின்மேல் அப்படி ஒரு பைத்தியம். அதை வேறு எவனையும் தொடவிட மாட்டார், என் மச்சான் கை பட்டால்தான் அது பேசும் என்பார். ஆறு மாதம் முன்னால் அதைப் பிரித்துக் கட்டியது இவன்தான்.

அந்த எஞ்சினில் மூன்று மூலை உள்ள ரோட்டார் ஒன்று சுழலும். ஒவ்வொரு மூலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புப் பட்டை, அதுதான் சீல். அது தேய்ந்தாலோ உடைந்தாலோ அழுத்தம் கசிந்து, போகிற வண்டி போகிற இடத்திலேயே செத்துவிடும். இரண்டு ரோட்டார், ஆறு சீல். அன்றைக்கு இவன் புதுசு போடவில்லை. பழசையே துடைத்துப் போட்டான். அளந்துகூடப் பார்க்கவில்லை, கண்ணால் பார்த்ததோடு சரி.

இருபத்திரண்டு நாளாக அவனுக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

பெட்ரோல் பம்ப், பிளக், ஒயர் எல்லாம் நேற்றே பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. பாக்கி இந்த ஆறும்தான்.

இரண்டாவது ஏழு புள்ளி மூன்று. மூன்றாவதும் அதே. வளைந்திருக்கிறதோ என்று இரண்டு சீலை ஒன்றோடொன்று ஒட்டி விளக்குக்கு எதிரே பிடித்தான். இடையில் இம்மி வெளிச்சம் வரவில்லை.

நாலாவதும் தேறியது. ஐந்தாவது தேறியபோது அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான் கொல்லவில்லை, என் கை கொல்லவில்லை என்று உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

"அப்போ வண்டி தானா நிக்கலையாடா?" என்றாள் அக்கா.

அவன் கை அப்படியே நின்றது.

பாவி, இதை அவன் யோசிக்கவே இல்லை. தன் தலை தப்புமா என்பதிலேயே குறியாக இருந்துவிட்டான். எஞ்சின் நன்றாக இருந்தால் நிறுத்தியது யார்?

அன்று காலை நடந்த சண்டையை அக்கா அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அத்தானுக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மூச்சுவிடாமல், தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். தெரிந்ததும் அக்கா வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள் என்றுகூடச் சொல்லிவிட்டாள். கோபத்தில் யாரும் சொல்வதுதான். அவர் வரவில்லை.

இப்போது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இமைக்காமல் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவதை அளந்தான். ஏழு புள்ளி நாலு. கடவுளே, ஒன்றாவது கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

லைட் பத்தவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு சுவரோரம் இருந்த வைஸுக்குப் போனான். அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, சீலை வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கி, குறடால் ஒரு நெட்டு நெட்டினான். வார்ப்பிரும்பு வளையாது. பட்டென்று போனது. சத்தத்தை மறைக்க இருமினான்.

இரண்டு துண்டையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். இது உடைந்துதான் வண்டி நின்றிருக்கிறது, பழசையே போட்டது என் தப்புதான் என்றான். சொல்லும்போது அழுகை நிஜமாகவே வந்தது.

அக்கா துண்டுகளை எடுத்து உடைந்த இடத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஓடுகிற எஞ்சினுக்குள் உடைந்திருந்தால் அந்த இடத்தில் கரி ஏறிக் கறுத்திருக்கும். இது கழுவிவைத்த கரண்டி மாதிரிப் பளபளத்தது. அப்பாவின் பட்டறையில் கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை பார்ட்ஸ் கழுவியவளுக்கு இது தெரியாமலா இருக்கும்.

அவள் வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

பிறகு ரோட்டாரைத் தன் பக்கம் இழுத்தாள். அதன் பள்ளத்தில் அப்பியிருந்த கரியில் உடைந்த முனைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பளபளப்பு போகும்வரை தேய்த்தாள். துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"என் புருஷனைக் கொன்னுட்டியேடா! இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே," என்று வாசல்வரை கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

கத்தும்போது கரி படிந்த கையால் அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாமனாரின் செருப்புச் சத்தம் உள்ளே வந்ததும் விட்டுவிட்டாள்.