எழுதியவருக்குப் போகாத புகார்கள்

"எல்லாப் புகாரையும் நீங்களே அமுக்கி வச்சிருக்கீங்க அண்ணாச்சி!"

டெல்பின் போனில் கத்தினாள். மறுமுனையில் நேசக்குமார்.

பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையைத் தமிழில் வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளைப் பற்றிய புகார்கள் அவை. அந்த மென்பொருளை எழுதியவர் புன்னைக்காயல் சிலுவை. பார்வை போன மனைவிக்காக எழுதியதை, அவள் இறந்தபிறகு ஊருக்கே கொடுத்துவிட்டார்.

அதையும் சேர்த்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத் தொகுப்பாகப் பள்ளிகளுக்குக் கொடுக்கும் குழுவில் நேசக்குமார் பழைய ஆள். துறைமுகத்தில் ஷிப்பிங் ஆபீஸ் வேலைக்கு நடுவே இதையும் செய்யும் டெல்பின் புதுசு.

யார் பிழை சொன்னாலும் எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். அவர் மூல நிரலில் திருத்தினால்தான், அதை எடுத்துக் கொடுக்கும் எல்லாக் குழுக்களின் தொகுப்பிலும் சரியாகும். நேசக்குமாரோ ஒன்றைக்கூட அனுப்பவில்லை. தங்கள் தொகுப்பில் மட்டும் தாமே திருத்தி வைத்திருந்தார்.

"வேற தொகுப்பு வச்சிருக்கிற பிள்ளைக, பரீட்சை பாதியில சத்தம் நின்னு போய் முழிக்குதுவ. உங்களுக்குப் பேர் கிடைச்சாப் போதும், என்ன?"

"நான் பாத்துக்கிடுதேம்மா. நீ எதையும் அனுப்பிராத."

"அனுப்பியாச்சு. காலையிலயே. எல்லாத்தையும்."

"ஏ பிள்ள... என்ன காரியம் பண்ணிட்ட!"

குரல் உடைந்து, போன் நின்றுபோனது.

திருட்டு வெளியே வந்துவிட்டதே என்ற பயம்தான் என்று நினைத்துக்கொண்டாள் டெல்பின். சாயங்காலம் வரை சிலுவையிடமிருந்தும் பதில் இல்லை. நேரிலேயே கேட்டுவிடலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

புன்னைக்காயலில் கதவைத் திறந்தது சிலுவையின் மகள் இசபெல்லா. டெல்பின் பேரைச் சொன்னதும் அவள் முகம் வாடியது.

"நீங்கதான் அனுப்புனீங்களா?"

அதில் கோபம்கூட இல்லை.

"காலையிலயிருந்து அப்பா கம்ப்யூட்டர விட்டு எந்திரிக்கல. ஒரு வாய் சோறு இறங்கல. தலையில தலையில அடிச்சுக்கிடுதாரு."

"நேசக்குமார் அண்ணாச்சி முன்னமே அனுப்பியிருந்தா இப்படி மொத்தமா..."

"அண்ணாச்சிகிட்ட கெஞ்சிக் கேட்டதே நான்தான். அப்பாவுக்கு எதையும் அனுப்பாதீங்க, வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு."

"ஏன்?"

இசபெல்லா வாய் திறக்குமுன், உள்ளே மடிக்கணினி முன் குனிந்திருந்த சிலுவை நிமிர்ந்தார். அழுது சிவந்த கண். ஆள் வந்திருப்பதைக் கண்டதும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி.

"வாம்மா, உக்காரு. பாவம், கண்ணு தெரியாத பிள்ளைக ரொம்பக் கஷ்டப்படுது போல. நானும் படிச்சுப் படிச்சுப் பார்க்கேன், ஒரு வரியும் விளங்கல. இந்தப் புரோகிராம எழுதுனவன் யாருன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லேன்... அவன்கிட்டயே கேட்டுருவோம்."