குறுக்கே வரும் கை

டாக்டரின் அறைக்குள் வந்துவிட்டால் மட்டும் எங்கள் மகள் செவ்வந்தியின் வலது கை ஆடாது. வீட்டில் சோற்றுத் தட்டைத் தட்டிவிடும் கை, இங்கே அம்மாவின் மடியில் அடங்கிக் கிடக்கும்.

"வீடியோ எடுத்துட்டு வரச் சொன்னேனே சார்?" என்று எரிந்து விழுந்தார் டாக்டர்.

செல்போனை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் குழந்தையின் விரல்கள் முறுக்கிக்கொள்ளத் தொடங்கியதுமே வளையல் போட்ட கை ஒன்று குறுக்கே வந்து இறுகப் பிடித்துக்கொண்டது.

"இதுல எதப் பாத்து நான் என்ன வியாதின்னு சொல்றது?"

"தொடாதேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்!" என்று மனைவி கோமளாவிடம் கத்தினேன்.

"புள்ள கை திருகிக்கிட்டுக் கெடக்கும்போது சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியலைங்க." இப்போதும் அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"விடுங்கம்மா" என்றார் டாக்டர்.

விட்டாள். வலது கை மெல்ல எழுந்து மணிக்கட்டோடு திருகியது. டாக்டர் மேசையைத் தாண்டிக் குனிந்தார்.

செவ்வந்தி என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய இடது கை குறுக்கே வந்து வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"திட்டாதப்பா. இப்ப ஆடல, பாரு."