வால்முடி சாட்சி

“கவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லுங்க. இதுல என்ன வந்திருந்தாலும் ஒத்துக்குவீங்களா, இல்ல மறுபடியும் மண்ணை வாரித் தூத்துவீங்களா?”

கூடியிருந்த ஊர்ச் சனத்தின் நடுவில், சோதனை முடிவு வந்த கவரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கலைமதி கேட்டாள். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு எருமைகளின் மரபணுவை ஆராய்கிற பெண். ஒரு வருஷமாக ஏரியூர்ப் பக்கம் கொட்டாய் கொட்டாயாகப் போய், எருமை வாலில் நாலு முடியை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டுக்கொண்டு போகிறாள். இந்த ஆற்றோர எருமைகள் தனி இனமா என்று பார்க்கத்தான் வந்தாள். வந்த இடத்தில் பஞ்சாயத்து அவள் தலையில் விழுந்தது.

“நான் ஏங்க ஒத்துக்காம போறேன்? முடியைப் புடுங்கிப் பாருங்கன்னு உங்க காலைப் புடிச்சதே நாந்தானே!” என்றாள் ராமக்காள்.

அவள் கண், எதிரே எதிராளி ராஜாமணியின் கொட்டாயில் கட்டியிருந்த கிடேரி மேலேயே இருந்தது. ஏழு மாசச் சினை. அது கன்று போட்டுப் பால் கறந்தால் செங்கல் சூளைக்குப் போவதை விட்டுவிடலாம். பதினைந்து வருஷமாகக் கல் சுமந்து அவள் உச்சந்தலையில் முடி பாதி தேய்ந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் முனியப்பன் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு வியாபாரியிடம் எருமை ஒன்றை வாங்கி ஓட்டிவந்தான். வந்த மாசமே அது கிடேரிக் கன்று போட்டது. போன வருஷம் ஆற்றோரம் மேயப் போன அந்தக் கன்று திரும்பவில்லை. பக்கத்து ஊர் ராஜாமணி கட்டிவைத்திருப்பது அதைத்தான் என்று ராமக்காள் அடித்துச் சொன்னாள். என் கொட்டாயில் பிறந்தது என்று ராஜாமணியும் அடித்துச் சொன்னார். எல்லாம் ஒரே கருப்பு. யார் என்ன அடையாளம் காட்டுவது?

“ராஜாமணி அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள் கலைமதி.

“எருமை மசுரைப் புடுங்கறதுக்கும் ஒரு படிப்பு இருக்குதேன்னு ஆச்சரியமா இருக்குதுங்க!” என்று சிரித்தார் ராஜாமணி. “தாயும் மகளும்தான்னு வந்துட்டா ரெண்டும் ஒரே கொட்டாயில இருக்கட்டும். ஊர் முன்னாடி சொல்றேன், ஒரு வார்த்தை குறுக்க பேசமாட்டேன்.”

“எழுதிக் குடுப்பியா?” என்றாள் ராமக்காள்.

“கொண்டா பேனாவை.”

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். ராமக்காளுக்கே சிரிப்பு வந்தது. தோற்கப் போகிறவனுக்கு இத்தனை குஷியா?

முனியப்பன்தான் முள்மேல் நிற்பதுபோல நின்றான். “வுடு புள்ள, போனது போவட்டும். ஒரு கன்னுக்காக ஊரு முன்னாடி நிக்கணுமா?”

“நீ வாயத் தொறக்காத. டாக்டரம்மா முடி எடுக்க வந்த அன்னிக்கு எருமைக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லித் தொரத்தப் பார்த்த ஆளுதானே நீ? நான் சூளையிலிருந்து ஓடியாராம இருந்தா முடியும் போயிருக்கும், கன்னும் போயிருக்கும். பயந்தாங்கொள்ளி!”

கூட்டம் சிரித்தது. முனியப்பன் மெல்ல நழுவி, புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த தன் வண்டிப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கலைமதி கவரைப் பிரித்தாள்.

“ரெண்டு முடியையும் ஒத்துப் பார்த்தாச்சு. ராமக்கா வூட்டு எருமை தாய். இந்தக் கிடேரி அதுக்குப் பொறந்தது. சந்தேகமே இல்ல.”

“கேட்டுக்குங்க!” ராமக்காள் கைதட்டிக் குதித்தாள். “கேட்டுக்கய்யா ராஜாமணி! மசுருன்னு சொன்னியே, அது பேசுதா இல்லையா? அவுத்து வுடு என் கிடேரியை!”

ராஜாமணி முகம் கொஞ்சமும் வாடவில்லை. அவரே ஓடிப்போய்க் கிடேரியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“டாக்டரம்மா, அப்படியே இதுக்குப் பல்லைப் பார்த்து வயசும் சொல்லிடுங்க.”

கலைமதி வாயைப் பிளந்து பார்த்தாள். “நாலு பல்லு போட்டிருக்கு. நாலு வயசு முடிஞ்சிருக்கும். மூணு வயசுன்னு சொல்லவே முடியாது.”

“நாலா இருந்தா என்ன, அஞ்சா இருந்தா என்ன?” என்றாள் ராமக்காள். “தாய் என்னுது, மகளும் என்னுது!”

“சரி ராமக்கா. தாய் உன் வூட்டுக்கு வந்து எத்தனை வருசம்?” என்று கேட்டார் ராஜாமணி.

“மூணு வருசம். ஊருக்கே தெரியும்! வந்த பிற்பாடுதான் கன்னு...” ராமக்காள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“அது வர்றதுக்கு ஒரு வருசம் முன்னாடியே பொறந்தது இது. இங்கதான், என் கொட்டாயில,” என்றார் ராஜாமணி. “நீ தொலைச்சது இதோட தங்கச்சி. ஒரு வயசுக் கன்னை எங்கிட்ட வுட்டுட்டு ஆத்தோரம் மேயப் போன என் எருமையை மூணு வருசமா தேடறேன் தாயி. உங்க வூட்டுல நிக்கிறது அதுதான்னு சந்தேகம் இருந்துச்சு, நிரூபிக்க வழி தெரியல. நல்லவேளை, நீயே டாக்டரம்மா காலைப் புடிச்ச!”

ராமக்காள் வெடுக்கென்று புளியமரத்துப் பக்கம் திரும்பினாள். பாப்பிரெட்டிப்பட்டியில் எருமை வாங்கி வந்த முனியப்பன், ஏரியூர் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு வண்டியில் பறந்துகொண்டிருந்தான்.