டேப்பில் ஒரு சாம்பிள்

டேப்பைப் படிக்கச் சொன்னால் மறுபடியும் அதே இன்புட் அவுட்புட் எரர்தான் திரையில் வந்து விழுந்தது.

எழில் டேப்பை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டாசுக் கம்பெனியின் லினக்ஸ் சர்வர், டேப் டிரைவ் எல்லாம் அவன் பொறுப்புதான். எத்தனையோ எரரைப் பார்த்தவன். ஆனால் இன்றைக்கு அந்த டேப்பில் இருப்பது அவனுடைய அம்மா.

விபத்தன்று வெடிமருந்து ரூம் கேமரா எடுத்த படம். வேறு பிரதி கிடையாது. அம்மா வேலுத்தாய் மருந்துச் சட்டியைத் தரையில் இழுத்தாள், அந்த உரசலில்தான் வெடித்தது என்று செத்தவள் தலையில் கம்பெனிக்காரர்கள் பழியைக் கட்டியிருந்தார்கள். வீட்டில் தண்ணிக்குடத்தைக்கூட இழுக்காதவள் அவள். விசாரணைக்கு ஆட்கள் மத்தியானம் வருகிறார்கள்.

அப்பா முனியசாமி உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார்.

"ஒங்கம்மா தெரியுதாளாய்யா?"

இந்தா வந்துரும் என்று சொல்லிவிட்டு, கிளீனிங் டேப்பைப் போட்டு, டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்தான். படம் இருந்த டேப்பைத் திரும்பச் செருகினான்.

டிரைவ் சரியாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? எந்த லாட்டாக இருந்தாலும் ஒண்ணைக் கொளுத்திப் பார்க்காமல் இங்கே லோடு ஏற்றமாட்டார்கள். இவனும் சாம்பிளுக்குச் சின்னதாக ஒரு ஃபைலை டேப்பில் எழுதிப் பார்த்தான்.

எரர் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

படிக்கச் சொன்னான். ஒரே ஒரு ஃபைல் வந்தது. அவன் இப்போது எழுதியது.

அடப் பாவி, வெறும் டேப்பில் அல்லவா எழுதிப் பார்த்திருக்க வேண்டும்! டேப்பின் தொடக்கத்தில் புதுசை எழுதிவிட்டால் அதற்கு அப்பால் கிடக்கிற பழசை டிரைவ் படிக்காது. தினமும் இதே வேலையாக இருக்கிறவனுக்கு இது தெரியாதா? துடைத்ததோடு விட்டிருந்தாலே படம் வந்திருக்கும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பெற்ற தாய் விஷயத்தில் எவன் பதறாமல் இருப்பான்?

படம் அழிந்துபோச்சு என்று அப்பாவிடம் எப்படியோ சொல்லிவிட்டான்.

அதைக் கேட்டுக்கொண்டே மேனேஜர் உக்கிரபாண்டி உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எழிலின் தோளில் தட்டினார்.

"காலையில அதை அழிச்சிருன்னு நான் சொன்னப்ப மொறச்சிக்கிட்டுப் போனயேலே. கடைசியில சொன்ன பேச்சைக் கேட்டுட்ட."

எழில் பதறிப்போய் வாசலைப் பார்த்தான்.

முனியசாமி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மகன் கூப்பிடக் கூப்பிட, காதில் விழாதவர்போல வெயிலில் இறங்கி நடந்தார்.