முன்னால் போகிற பாட்டு

"புருசனைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள இவளுக்குப் பாட்டு கேக்குது."

அன்னமேரி முணுமுணுத்தாள். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு எல்லாப் பெண்களும் கீழே லயத்து வீடுகளுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். கடைசியாக வந்தது இவளும், இவளுக்குச் சற்று முன்னால் கத்தரீனாளும்தான்.

புருசன் மத்தியாஸ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு கத்தரீனாள் இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் வராத மூன்று நாளும் மழைக்காக வெளிச்சத்திலேயே வேலை விட்டுவிட்டார்கள். வந்த அன்றே, வழக்கம்போல ஆண்டவரைத் துதித்து ஊர் கேட்கப் பாட்டு.

எழுபத்துநாலாம் வருஷத்து ஆடி மழை. பீர்மேட்டில் சாயங்காலமே மஞ்சு பனிமூட்டமாய் இறங்கி மலையை மூடியிருந்தது. ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம்.

அன்னமேரிக்கு ஒரு ரகசியம் உண்டு. வெளிச்சம் மங்கினால் அவளுக்குக் கண் தெரியாது. கங்காணிக்குத் தெரிந்தால் வேலையாள் பட்டியலில் பேரை வெட்டிவிடுவார். பேர் போனால் லயத்து வீடும் போகும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. "மாதாவே, நீயே துணை" என்று அடிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டு இறங்குவாள். இதுவரை கால் இடறியதில்லை. தன் விசுவாசத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம்கூட உண்டு.

"ஏட்டி கத்தரீனா, நல்லாருக்குட்டி ஒன் பக்தி. ஒனக்குத் துக்கம் இல்லாட்டியும் கேக்குற எங்களுக்கு இருக்கு. வாய மூடிட்டு நட."

பாட்டு நின்றது.

அன்னமேரி நடந்தாள். மாதாவே, நீயே துணை. கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள், பாதை பிடிபடவில்லை. கையை நீட்டினாள். தேயிலைச் செடி தட்டுப்படவில்லை. காலடியில் மண் சரிந்து ஒரு கல் உருண்டது. அது போய் விழுந்த சத்தம் வரவே இல்லை.

பயத்தில் ஜெபம்கூட மறந்துவிட்டது. இத்தனை நாள் எப்படித்தான் இறங்கினோம்?

அப்போது மஞ்சுக்குள்ளிருந்து பாட்டு மறுபடி எழும்பியது. அதே துதிப் பாட்டு. குரல்தான் உடைந்திருந்தது. அன்னமேரி அது வந்த பக்கம் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"எனக்குப் பாட்டா வருதுன்னு நெனச்சீக, யக்கா? வாயத் தொறந்தா அழுகைதான் வருது" என்றாள் கத்தரீனாள். "ஒங்களுக்குக் கண்ணு மங்குறத எங்க வீட்டுக்காரருதான் மொதல்ல கண்டாக. 'கூப்புட்டுக்கிட்டே போனா கங்காணிக்குத் தெரிஞ்சிரும். சாமி பாட்டுன்னா யாரும் கேக்க மாட்டாக. நீ முன்னால பாடிக்கிட்டுப் போ, அந்தக்கா வந்துருவாக'ன்னு சொன்னாக. அவுக போயிட்டாகன்னு ஒங்கள விட்டுற முடியுமா?"

அன்னமேரி வெட்கத்தோடு அந்தக் கையை இறுகப் பற்றினாள்.

"கைய மட்டும் விட்டுராத தாயி" என்றாள். "இன்னைக்கு நீ அழுதுக்கிட்டு வா. பாட்ட நான் பாடுதேன்."